பொடனியில் ஒரு தட்டு

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. முதுகில் கட்டியோடு பிறந்தான், ஸ்பைனா பிஃபிடா என்றார்கள். பிறந்ததும் ஆபரேஷன் செய்து, அப்புறம் தலையில் தேங்கும் நீரை வடிக்க ஷண்ட் குழாயும் வைத்தார்கள். காலிபர் போட்டு நடக்கிறான். யார் வந்தாலும் பெரிய மனுசன் மாதிரி பேசுவான். ஆனால் கணக்கு வராது, சொன்ன வேலையைப் பாதியில் விட்டு நிற்பான். கோபம் வந்தால் என் வீட்டுக்காரர் அவன் பொடனியில் ஒரு தட்டு தட்டுவார், அவ்வளவுதான். ஸ்கேனில் கியாரி 2 என்றும், மூளையின் இணைப்பு மெலிந்திருக்கிறது என்றும் வந்திருக்கிறது. வளர வளரச் சரியாகிவிடுமா?
– ஒரு தாய், பல்லடம்

பதில்: சரியாகாது அம்மணி. அந்த மூளை கருவிலேயே அப்படி அமைந்துவிட்டது. நான் உங்கள் கேள்வியில் நிற்கவில்லை, ‘பொடனியில் ஒரு தட்டு, அவ்வளவுதான்’ என்ற வரியில் நிற்கிறேன்.

அதென்ன அவ்வளவுதான்? உங்கள் மகனைப் போல முதுகில் கட்டியோடு, முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கிற பிள்ளைகளில் அநேகமாக எல்லோருக்கும் இந்தக் கியாரி 2 இருக்கும். மண்டையின் பின்பக்கத்தில் இடம் போதாமல் சிறுமூளையும் மூளைத்தண்டும் கழுத்துக்குள் இறங்கிவிடும். மூச்சு விடுவதையும் விழுங்குவதையும் கவனிக்கிற நரம்புகள் அங்கேதான். உங்க வீட்டுக்காரர் கை வைக்கிற அதே பொடனி. ஒரு தட்டில் என்ன ஆகிவிடும் என்ற பேச்சுக்கே நான் வரவில்லை. எந்தப் பிள்ளையையும் அடிக்கக் கூடாது, இவன் கழுத்துப் பக்கம் கையே போகக் கூடாது.

அதுவும் எதற்காக அடி? மெலிந்திருக்கிறது என்றார்களே, அது மூளையின் இடது பாதியையும் வலது பாதியையும் சேர்க்கிற நரம்புக் கட்டு. இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பேச்சு சரளமாக வரும், ஆனால் கேட்டதை மனதில் கோத்து வைத்து வரிசையாகச் செய்வதும் கணக்கும் சிரமம். ‘அலமாரியைத் திற, சிவப்பு டப்பாவில் நாடா இருக்கும், எடுத்துப் பாட்டியிடம் கொடு’ என்று ஒரே மூச்சில் சொன்னால் அலமாரியைத் திறந்ததோடு நின்றுவிடுவான். திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. பள்ளிக்கூட டீச்சரிடமும் இதையே சொல்லிவையுங்கள்.

புருசனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிற குணம் நல்லதுதான், ஆனால் பிள்ளை அடி வாங்குகிற இடத்தில் அந்தக் குணத்துக்கு வேலையில்லை. ‘அவ்வளவுதான்’ என்று நீங்கள் மூடி மறைத்தால் அவனுக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. இருந்தாற்போல் தலைவலி, வாந்தி, தூங்கி வழிவது, கண் ஒன்றரையாவது, நன்றாகச் செய்துகொண்டிருந்த படிப்பு திடீரென்று சறுக்குவது என்று ஏதாவது தெரிந்தால் ஷண்ட் அடைத்திருக்கலாம். விழுங்கும்போது புரையேறிக்கொண்டே இருந்தாலும், மூச்சில் சத்தம் வந்தாலும் கியாரியின் வேலையாக இருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே கோவைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவரும் வரட்டும், தறி ஒரு நாள் நின்றால் நிற்கட்டும். சிறுமூளை எதுவரை இறங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் விரல் வைத்துக் காட்டச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.