மெல்போர்னில் வீடு கட்ட: விளம்பர விலைக்கு மேல் எவ்வளவு?

தம்பி, நீங்கள் கேட்டது இது: பிஆர் (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கிடைத்து எட்டு மாதம் ஆகிறது, மெல்போர்னின் மேற்கே டார்னீட் பக்கம் ஒரு ஹவுஸ் அண்ட் லேண்ட் பேக்கேஜ் பார்த்திருக்கிறீர்கள். நிலம் 3,50,000 டாலர், வீடு 3,30,000, ஆக 6,80,000. கையில் 68,000 இருக்கிறது, அதைப் பத்து சதவீத டெபாசிட்டாகக் கட்டிவிட்டால் போதுமா?

போதாது. அதோடு, அந்த 68,000 முழுவதையும் டெபாசிட்டில் போடவும் வேண்டாம்.

ஊரில் மேஸ்திரியிடம் "சதுரத்துக்கு எவ்வளவு?" என்று கேட்போமே, இங்கேயும் பில்டர்கள் 'ஸ்கொயர்' என்றுதான் பேசுவார்கள். அதே 100 சதுர அடிதான், சதுர மீட்டரில் 9.29. நான் வந்த புதிதில் இதைக் கேட்டுக் குஷியாகிவிட்டேன், கணக்கு நமக்குத் தெரிந்த கணக்காயிற்றே என்று. 22 ஸ்கொயர் வீடு என்று அவர்கள் சொல்லும்போது அதில் கராஜ், முன்வாசல், பின்பக்கத் திறந்த தாழ்வாரம் எல்லாம் அடக்கம். இரண்டு கார் கராஜே ஏறக்குறைய 4 ஸ்கொயரைத் தின்றுவிடும். ஆகவே இரண்டு பில்டர்களின் ஸ்கொயர் விலையை வைத்து எது மலிவு என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே எவ்வளவு இடம், என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

பணம் முதலில் போகும் இடம் மண். மெல்போர்னின் மேற்குப் பக்கம் எரிமலைக் குழம்பு பரவிய சமவெளி. மேலே ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும் களிமண், அடியில் கரும்பாறை. சாயில் டெஸ்ட் எடுத்து மண்ணுக்கு ஒரு கிளாஸ் கொடுப்பார்கள். தரை 20 முதல் 40 மில்லிமீட்டர் வரை அசையலாம் என்றால் எம், 40 முதல் 60 என்றால் எச்1, 60 முதல் 75 என்றால் எச்2, அதற்கும் மேல் இ. கொட்டி நிரப்பிய மண் போன்ற தொந்தரவான மனை என்றால் பி. கிளாஸ் ஏற ஏற சிலாபின் (வீடு நிற்கும் கான்கிரீட் தளத்தின்) கனமும் கம்பியும் ஏறும். டிஸ்ப்ளே ஹோமில் (பில்டரின் மாதிரி வீட்டில்) ஒட்டியிருக்கும் விலை பெரும்பாலும் நல்ல மண்ணையும் சமதளமான மனையையும் மனதில் வைத்துப் போட்டது.

எங்களுக்கு எச்2 வந்தது. அதுகூடப் பரவாயில்லை. பாறை வெட்டும் செலவை ஒப்பந்தத்தில் 'ப்ரொவிஷனல் சம்' என்று ஒரு தொகையாகப் போட்டிருந்தார்கள். அதை மொத்த விலை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். அது வெறும் உத்தேசம். உண்மையில் ஆகும் செலவு கூடினால் வித்தியாசத்தை நாம்தான் கட்ட வேண்டும், அதன் மேல் பில்டரின் லாப சதவீதமும் ஏறும். கார் வாங்க வைத்திருந்த பணம் தோண்டிய குழியிலேயே போயிற்று. 'பிரைம் காஸ்ட்' என்று குழாய், வாஷ் பேசின் போன்றவற்றுக்குப் போடும் தொகையும் இதே ஜாதிதான். எனவே ஒப்பந்தத்தில் இந்த இரண்டு சொற்கள் வரும் இடங்களை எல்லாம் கோடிட்டு, "சைட் காஸ்ட்டை (மனையைத் தயார் செய்யும் செலவை), பாறையும் சேர்த்து, ஃபிக்ஸ் பண்ணித் தருவீர்களா?" என்று கேளுங்கள். பலர் தருவார்கள், கொஞ்சம் கூட்டித்தான் தருவார்கள். கூட்டினாலும் அதுவே மேல்.

அடுத்து, நிலத்துக்கு டைட்டில் (தனி மனையாகப் பதிவான பத்திரம்) வந்துவிட்டதா? புது எஸ்டேட்டில் (மனைப்பிரிவில்) இன்னும் ரோடே போட்டிருக்க மாட்டார்கள். டைட்டில் தள்ளிப்போனால் பில்டர் பிடித்து வைத்திருக்கும் விலைக்குக் கெடு முடிந்து, புது விலை சொல்வார். விலை எந்தத் தேதி வரை நிற்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இந்த விக்டோரியா மாநிலத்தில் பில்டருக்குக் கட்டும் தவணைக்குச் சட்டமே அளவு வைத்திருக்கிறது. உங்கள் 3,30,000-க்கு அது இப்படி வரும்: டெபாசிட் 5 சதவீதம் 16,500, சிலாப் முடிந்ததும் 10 சதவீதம் 33,000, ஃப்ரேமுக்கு (சுவர், கூரையின் சட்டகம்) 15 சதவீதம் 49,500, லாக்-அப்புக்கு (வெளிப்புறம் மூடிப் பூட்டும் நிலை) 35 சதவீதம் 1,15,500, ஃபிக்சிங்குக்கு (உள்கதவு, அலமாரி போன்ற உள்வேலை) 25 சதவீதம் 82,500, வேலை முடிந்ததும் மீதி 10 சதவீதம் 33,000. லாக்-அப் தவணைதான் பெரியது, அதைக் கொஞ்சம் முந்தியே கேட்டுப் பார்ப்பார்கள். கூரை, வெளிச்சுவர், வெளிக்கதவு, ஜன்னல் எல்லாம் வந்துவிட்டதா என்று உங்கள் சார்பில் தனியாக ஓர் இன்ஸ்பெக்டரை வைத்துப் பார்த்துவிட்டு வங்கிக்கு ஒப்புதல் கொடுங்கள். அவர் ஃபீஸில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

டெபாசிட் 16,500 கொடுப்பதற்கு முன் உங்கள் பெயருக்கு எடுத்த டொமெஸ்டிக் பில்டிங் இன்ஷூரன்ஸ் சான்றிதழைக் கையில் வாங்கிவிடுங்கள். 2023 மார்ச் கடைசியில் ஒரு பெரிய பில்டர் திவாலானபோது, டெபாசிட் கொடுத்தும் இன்ஷூரன்ஸே எடுக்கப்படாமல் இருந்த குடும்பங்கள் நிறைய. அரசாங்கம் பிறகு கைகொடுத்தது, ஆனால் அதுவரை அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கட்டும் காலத்தில் வாடகையும் வட்டியும் சேர்ந்து ஓடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நிலத்துக்கு 3,00,000 கடன், வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 1,500. லாக்-அப் தவணை வரைக்கும் வீட்டுப் பங்கில் 65 சதவீதம், அதாவது 2,14,500 எடுத்திருப்பார்கள், முழுவதும் கடன் என்றால் அதற்கு மாதம் இன்னொரு 1,070 சொச்சம். இதற்கு மேல் இப்போது கொடுக்கும் வாடகை. மழையாலோ ஆள் கிடைக்காமலோ நான்கு மாதம் இழுத்தால் எவ்வளவு என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

சாவி வாங்கிய பிறகும் செலவு நிற்காது. டிரைவ்வே, வேலி (பக்கத்து வீட்டுக்காரரோடு பாதிப் பாதி), முன்தோட்டம், ஜன்னல் திரை, கொசு வலை, ஏசி, துணி காயப்போடும் கம்பி, தபால் பெட்டி. இதில் எது பேக்கேஜில் இருக்கிறது, எது இல்லை என்பது ஒவ்வொரு பில்டருக்கும் மாறும். முன்தோட்டத்தை இத்தனை மாதத்துக்குள் போட வேண்டும் என்று எஸ்டேட் விதியே இருக்கும். நாங்கள் மூன்று மாதம் ஜன்னலில் பெட்ஷீட் கட்டிக்கொண்டு இருந்தோம். இன்னொன்று, 2024 ஜனவரி 1-க்குப் பிறகு அனுமதிக்கு விண்ணப்பித்த எஸ்டேட் என்றால் கேஸ் லைனே வராது, மின்சார அடுப்புதான், பெரும்பாலும் இண்டக்ஷன். வீட்டம்மாவின் அலுமினியப் பாத்திரங்களுக்கு விடை கொடுக்க வேண்டியிருக்கும், அந்தப் பேச்சை முன்கூட்டியே ஆரம்பித்துவிடுங்கள்.

உங்களுக்குச் சாதகமானதும் இருக்கிறது. முதல் வீடு என்பதாலும், நிலத்தின் விலைக்கு மட்டும்தான் ஸ்டாம்ப் டியூட்டி என்பதாலும் (6,00,000 வரை முழு விலக்கு) உங்களுக்கு டியூட்டி இல்லை. நிலமும் வீடும் சேர்ந்து 7,50,000-க்குள் இருப்பதால் மாநிலத்தின் 10,000 டாலர் கிராண்டுக்கும் (மானியத்துக்கும்) விண்ணப்பிக்கலாம். ஊரில் அப்பா பெயரிலோ உங்கள் பெயரிலோ வீடு இருப்பது தடையில்லை, ஆஸ்திரேலியாவில் வீடு வைத்திருந்தால்தான் சிக்கல்.

இப்போது உங்கள் 68,000-க்கு வருவோம். மத்திய அரசின் உத்தரவாதத்தோடு 5 சதவீத டெபாசிட்டில் கடன் வாங்கும் திட்டத்துக்கு 2025 அக்டோபர் முதல் வருமான வரம்பு கிடையாது. உங்கள் 6,80,000-இல் 5 சதவீதம் என்றால் 34,000. மீதி 34,000 கையில் நிற்கும், வீட்டு ஒப்பந்தத்தில் ஏறக்குறைய பத்து சதவீதம். பாறைக்கும் வேரியேஷனுக்கும் (ஒப்பந்தத்துக்குப் பிறகு வரும் மாற்றங்களுக்கும்) நான் வைக்கச் சொல்லும் தொகையும் அதேதான். ஒப்பந்தத்துக்கு மேல் வரும் செலவுக்குப் பொதுவாக வங்கி கடன் தராது, கைப்பணம்தான் வேண்டும். கூடுதலாக வாங்கும் அந்த 34,000 கடனுக்கு 6 சதவீதத்தில் மாதம் 170 வட்டி. அதற்காக ராத்தூக்கம் கெடாமல் இருப்பது மலிவு என்பது என் கணக்கு, உங்கள் வீட்டில் வேறு கணக்கு இருக்கலாம். வேலி, திரை, டிரைவ்வேக்கு அடுத்த ஒரு வருடச் சம்பளத்தில் தனியாக ஒதுக்குங்கள், இந்த 34,000-இல் கை வைக்காதீர்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் சாயில் ரிப்போர்ட்டின் கிளாஸையும், ப்ரொவிஷனல் சம் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போட்ட பிரதி கைக்கு வந்து 5 வேலை நாளுக்குள் விலகிக்கொள்ள உரிமை உண்டு, ஆனாலும் அதற்கு முன்பே அனுப்புவது நல்லது.