வயிறு நிரம்பிவிடுகிறது, கலோரிக் கணக்கு நிரம்பவில்லை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 34, உயரம் 158 செ.மீ. மூன்று மாதங்களுக்கு முன்பு 79 கிலோ இருந்தேன். காலையில் ஒரு மணி நேரம் ஜிம், மாலையில் முக்கால் மணி நேரம் ஜும்பா என்று தொடங்கி, ஒன்பது வாரங்களில் 7 கிலோ குறைத்தேன். கடந்த மூன்று வாரங்களாக எடை 72 கிலோவிலேயே நிற்கிறது. கைப்பேசிச் செயலி நாளொன்றுக்கு 1,500 கலோரி சாப்பிடச் சொல்கிறது. எனக்கு 900க்கு மேல் இறங்குவதில்லை. பயிற்சி முடித்து வந்தால் சாப்பாட்டைப் பார்க்கவே பிடிப்பதில்லை. மதியம் ஒரு கிண்ணம் வெள்ளரி, கேரட் சாப்பிட்டதுமே வயிறு அடைத்துக்கொள்கிறது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. குறைவாகச் சாப்பிடுவதால் உடம்பு கொழுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது என்கிறார் பயிற்சியாளர். இது உண்மையா? நான் எப்படிக் கூடுதலாகச் சாப்பிடுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் மாதவிலக்கு. இரண்டு மாதம் தள்ளிப்போயிருப்பதை உடற்பயிற்சியின் பக்கவிளைவு என்று நீங்களே முடிவுகட்டிவிடாமல், இந்த வாரமே கர்ப்பப் பரிசோதனை செய்துகொண்டு, மகப்பேறு மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். தைராய்டு, இரத்தசோகை, சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றையும் பார்த்துவிடுவது நல்லது. இவை எதுவும் இல்லையென்றால், உணவுக்கும் உழைப்புக்கும் இடையே விழுந்த பெரிய இடைவெளியே காரணமாக இருக்கலாம். கையிருப்பு போதாது என்று உணரும்போது மூளை முதலில் நிறுத்திவைக்கும் வேலைகளில் சினைமுட்டை வெளியேற்றமும் ஒன்று. முடி கொட்டுவதும் கணக்கோடு பொருந்துகிறது. உடம்பு நெருக்கடியைச் சந்தித்து இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத்தான் முடி உதிரத் தொடங்கும்.

பயிற்சியாளர் சொன்னதில் பாதிதான் உண்மை. உணவு குறைந்தால் உடம்பு செலவைச் சுருக்கும். ஆனால் எடை இறங்குவதையே நிறுத்திவிடும் அளவுக்கு அதனால் சுருக்க முடியாது. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ் தொடங்கிய சோதனையில், ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்களுக்கு வழக்கமான உணவில் ஏறத்தாழ பாதியை மட்டும் 24 வாரங்கள் கொடுத்து, வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வைத்தார்கள். அவர்கள் தங்கள் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்தார்கள். அதோடு எப்போதும் குளிரெடுத்தது, நாடித்துடிப்பு மந்தமானது, முடி உதிர்ந்தது, உணவைத் தவிர வேறு சிந்தனை ஓடவில்லை. கால்களில் நீர் கோத்ததால் தராசு காட்டிய எடை உண்மையான இழப்பை ஓரளவு மறைத்தது என்பதையும் கவனியுங்கள். மெலிந்திருந்த அந்த இளைஞர்களோடு 72 கிலோ எடையுள்ள உங்களை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் மூன்று வாரமாக நகராத உங்கள் தராசுக்குப் பின்னாலும், தினம் இரண்டு வேளை கடும் பயிற்சியால் தசைகளில் தேங்கும் நீர் இருக்கக்கூடும். களைப்பில் நீங்கள் அறியாமலே மற்ற நேரங்களில் நடமாட்டத்தைக் குறைத்திருக்கவும் கூடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்: நீங்கள் சாப்பிடுவது 900 கலோரி அல்ல. ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரி. ஒன்பது வாரங்களில் 7 கிலோ என்றால் நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி பற்றாக்குறை. உங்கள் வயது, உயரம், எடை, உழைப்புக்கு அன்றாடச் செலவு சுமார் 2,100 கலோரி இருக்கும். கழித்துப் பார்த்தால் உண்டது 1,200ஐ ஒட்டி வருகிறது. முதல் வாரங்களில் குறைந்ததில் தண்ணீரும் உண்டு என்பதால் உண்மையில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே உண்டிருப்பீர்கள். மிச்சம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது நம் சமையலறைகளை அறிந்தவர்களுக்குத் தெரியும். தாளிக்க ஊற்றும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு 120 கலோரி. தோசைக்கல்லைச் சுற்றி விடுவது, தேங்காய்ச் சட்டினி, அலுவலகத்தில் குடிக்கும் இரண்டு காபியின் சர்க்கரை ஆகியவற்றைச் செயலியில் யாரும் பதிவதில்லை. ஆகவே ஒரு வாரத்துக்கு மட்டும் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றி எழுதிப் பாருங்கள்.

இருந்தாலும் 1,200 என்பதும் உங்களுக்குப் போதாது. நாள் முழுதும் படுத்தே கிடந்தாலும் உங்கள் உடம்புக்குச் சுமார் 1,380 கலோரி தேவை. அதற்கு மேல் இரண்டு வேளைப் பயிற்சி. செயலி சொன்ன 1,500 நியாயமான எண்தான். 1,600 வரை போனாலும் வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டிக் குறையும்.

இனி, சாப்பாடு ஏன் இறங்கவில்லை என்பதற்கு வருவோம். கடும் பயிற்சி முடிந்த உடனே பசியைத் தூண்டும் கிரெலின் என்ற இயக்குநீர் கொஞ்ச நேரத்துக்குக் குறைகிறது. குடலுக்குப் போக வேண்டிய இரத்தமும் தசைகளுக்குத் திரும்பியிருக்கும். அந்த நேரத்தில் தட்டின் முன் உட்கார்ந்தால் குமட்டத்தான் செய்யும். அப்போது மெல்லுவதற்குப் பதில் குடியுங்கள்: ஒரு டம்ளர் பாலில் மூன்று பேரீச்சம்பழமும் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும் சேர்த்து அரைத்தால் 350 கலோரிக்குக் குறையாது. திட உணவை ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடலாம். பயிற்சிக்கு முன்பு ஒரு வாழைப்பழமும் போதும்.

மதியம் வெள்ளரி கிண்ணத்தை முதலில் காலிசெய்வதை விட்டுவிடுங்கள். உடல் இளைக்க நினைப்பவர்கள் எல்லோருக்கும் சொல்லப்படும் அறிவுரைதான் அது. பசி எடுக்காத உங்களுக்கு அதுவே பகை. தண்ணீரும் நாரும் இடத்தை அடைத்துக்கொண்ட பிறகு சோற்றுக்கு எங்கே இடம்? பருப்பு, முட்டை அல்லது மீன், ஒரு கிண்ணம் சோறு, அதன்மேல் அரைக் கரண்டி நெய் என்று முதலில் உண்டுவிட்டுக் காய்கறிக்குப் போங்கள். சாப்பாட்டுக்குச் சற்று முன்பு குடிக்கும் தண்ணீரையும் காபியையும் தள்ளிவையுங்கள். மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல்: வேகவைத்த 100 கிராமில் ஏறத்தாழ 160 கலோரியும் 9 கிராம் புரதமும் கிடைக்கும். கடுகு தாளித்துத் தேங்காய்த் துருவல் தூவினால் இன்னும் நல்லது. தேங்காயைக் கண்டு அஞ்ச வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. தசை கரையாமல் இருக்க, ஒரு நாள் புரதம் 75 கிராமை ஒட்டி இருக்கட்டும்.

பசிக்காகக் காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். 1,500ஐ ஒரே நாளில் எட்ட முயல வேண்டாம். ஒவ்வொரு வாரமும் அன்றாட அளவில் 150 கலோரி கூட்டினால் போதும். தொடக்கத்தில் எடை ஒரு கிலோ ஏறலாம். தசைகளில் மாவுச்சத்தும் அதனோடு சேரும் நீரும் அவ்வளவு எடை காட்டும். அதைக் கண்டு மீண்டும் பட்டினிக்குத் திரும்பிவிடாதீர்கள். மாலை ஜும்பாவை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறையுங்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியும் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீங்கள் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டீர்கள்.

சாப்பாடு இறங்கவில்லை என்பது வயிற்றின் பிரச்சினையாக இல்லாமல், சாப்பிட்டால் எடை ஏறிவிடுமோ என்ற அச்சமாகவும் இருக்கலாம். தட்டில் வைத்ததைப் பார்த்ததும் குற்ற உணர்வு வருகிறதென்றால், மருத்துவரிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எடை குறைப்பதற்கான வாராந்திர ஊசி ஏதேனும் போட்டுக்கொள்கிறீர்கள் என்றால் அதையும்தான். பசியை அடக்குவதே அந்த மருந்தின் வேலை.

கேள்வி: நடைப்பயிற்சியில் தினம் 700 கலோரி எரித்ததாக ஸ்மார்ட் வாட்ச் காட்டுகிறது. அதைக் கூடுதலாகச் சாப்பிட்டுவிடலாம் என்கிறது செயலி. வயிறு வெடித்துவிடும் போலிருக்கிறது. சாப்பிடத்தான் வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஏழு வகைக் கைக்கடிகாரங்களைச் சோதித்தபோது, கலோரிக் கணக்கில் மிகத் துல்லியமானதே சராசரியாக 27 சதவீதம் பிழையாகக் காட்டியது. மிக மோசமானது 93 சதவீதம். இதயத்துடிப்பைச் சொல்வதில் அவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் 250 முதல் 300 கலோரி செலவாகும். மேலும், செயலியில் பதியும்போது ‘சுறுசுறுப்பானவர்’ என்று குறித்திருந்தால் நடையின் செலவு ஏற்கெனவே கணக்கில் சேர்ந்திருக்கும். கடிகாரம் சொல்வதையும் கூட்டினால் ஒன்றே இரண்டு முறை எண்ணப்படும். கடிகாரத்துக்கும் செயலிக்கும் உள்ள இணைப்பை அணைத்துவிட்டு, நான்கு வார எடையின் போக்கைப் பார்த்து உணவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறேன். எடையைக் குறைக்க இரவு உணவை விட்டுவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் நடக்கிறேன். நடுவழியில் கை நடுங்கி வியர்க்கிறது.
– வாசகர், வேலூர்

பதில்: அது இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதன் அறிகுறியாக இருக்க வாய்ப்பு மிகுதி. கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும் மருந்து. இரவு உணவை இன்றே மீண்டும் தொடங்குங்கள். நடுக்கம் வந்தால் உடனே உட்கார்ந்து, 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்துச் சர்க்கரையைச் சோதியுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மறுபடியும் குடியுங்கள். எடை குறையும்போது மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும். அதை மருத்துவர்தான் செய்ய வேண்டும். அவரைப் பார்க்கும் வரை வெறும் வயிற்று நடையை நிறுத்திவையுங்கள்.