பஷ்தூன்வாலி: எதிரிக்கும் அடைக்கலம் கொடுப்பார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் வாழும் பஷ்தூன் மக்களின் எழுதாத சட்டம்தான் பஷ்தூன்வாலி; அடைக்கலமும் அதில் ஒன்று. ஆனால் இரக்க குணம் என்று மட்டும் அதை எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும்.

2005 ஜூன் கடைசியில் ஆப்கானிஸ்தானின் குனார் மலையில் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான 'சீல்'-இன் நான்கு பேர் கொண்ட குழு தாலிபான்களிடம் சிக்கியது. மூன்று பேர் இறந்தார்கள். குண்டடி பட்டுத் தப்பிய மார்கஸ் லட்ரெலை முகமது குலாப் என்ற பஷ்தூன் தன் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். ஆளை ஒப்படைக்கச் சொல்லி மிரட்டினார்கள்; ஊர் மசியவில்லை. இதில் அமெரிக்காவின் மேல் பாசம் எதுவும் இல்லை. அடைக்கலம் கொடுத்த ஆளை விட்டுக்கொடுத்தால் 'நங்', அதாவது மானம், போய்விடும். மானம் போனவன் பேச்சு ஜிர்காவில், நம் பஞ்சாயத்து மாதிரியான அந்தச் சபையில், எடுபடாது. குலாப் பட்ட பாடு தனிக்கதை: கடைசியில் அவரே குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போக வேண்டி வந்தது.

அடைக்கலத்தைப் புரிந்துகொள்ள 'பதல்' என்கிற பழிவாங்கலையும் பார்க்க வேண்டும். அந்த மலைகளுக்குப் போலீசும் கோர்ட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்ததே இல்லை. பாகிஸ்தான் பக்கத்துப் பழங்குடிப் பகுதியில், ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் கூட்டத்தையே தண்டிக்கும் 1901ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம் 2018 வரை நடந்தது! அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் உயிருக்குக் காவல், அவனைத் தொட்டால் பங்காளிகள் சும்மா விடமாட்டார்கள் என்ற பயம்தான். அந்தப் பகை தலைமுறை தாண்டியும் ஓடும்.

அதை நிறுத்த ஒரு வழி உண்டு: 'நனவாத்தே'. தப்பு செய்தவன் பெரியவர்களோடு எதிரியின் வாசலுக்கே போவான், ஆட்டை அங்கேயே அறுப்பான், மன்னிப்புக் கேட்பான். அந்தக் காலத்தில் வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு போனவர்களும் உண்டு. அப்படி வந்தவனைத் துரத்துவது வீட்டுக்காரனுக்கே இழுக்கு. முழு ஏற்பாட்டிலும் புத்திசாலித்தனமான பகுதி இதுதான் என்பேன்.

நாம் எல்லை காந்தி என்று அழைக்கும் கான் அப்துல் கபார் கானும் பஷ்தூன்தான். பழி வாங்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்களைத்தான் குதாய் கித்மத்கார் என்ற தன் அகிம்சை இயக்கத்தில் சேர்த்தார்.

இதில் எனக்கு ஒப்பாத ஒன்று 'ஸ்வாரா'. கொலைப்பகையைத் தீர்க்க, கொன்றவன் வீட்டுப் பெண்ணை, பல நேரம் சிறுமியை, எதிரி வீட்டுக்குக் கட்டிக்கொடுப்பது. பேசி முடிக்கிற ஜிர்காவில் உட்காருவது ஆண்கள் மட்டுமே. பாகிஸ்தானில் இது சட்டப்படி குற்றம். ஆப்கானிஸ்தானில் 2021 டிசம்பரில் தாலிபான்களே தடை போட்டார்கள்.