கறுத்த மேலிலை, கைக்கு அடக்கமான விலை: மடூரோ சுருட்டு கேள்வி பதில்

எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். கையால் சுற்றிய, கறுத்த மேலிலை (வெளியே சுற்றும் இலை) போட்ட, மடூரோ என்று பெயர் போட்டு அமெரிக்கக் கடைகளில் எட்டு டாலருக்குள் கிடைக்கிற சுருட்டுகளை எப்படிச் சுவைத்து எடை போடுவது என்பது மட்டும்தான் இன்றைய பேச்சு. கியூபா சுருட்டு அசலா போலியா, சுங்கத்தில் எத்தனை விடுவார்கள் என்பதெல்லாம் வேண்டாம். பற்றவைக்கும் முனையை அடி என்றும் வாயில் வைக்கும் முனையை தலை என்றும் எழுதுகிறேன்.

கொங்குவாசி: மடூரோ என்பது புகையிலையில் ஒரு ரகமா சார்? பெட்டிக்குப் பெட்டி வேறு வேறு நாட்டுப் பெயர் போடுகிறார்களே?

ரகம் இல்லை, பதம். ஸ்பானிய மொழியில் 'பழுத்தது' என்று பொருள். எந்த ஊர் இலையையும் அந்தப் பதத்துக்குக் கொண்டுவரலாம், தாங்கினால். தாங்குவதுதான் சிக்கல். இலைகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, தன் சூட்டிலேயே புழுங்கவிட்டு, உள்ளது வெளியே வெளியது உள்ளே என்று பிரித்துப் பிரித்து அடுக்குவார்கள். மடூரோவுக்கு இந்தப் புழுக்கம் அதிகச் சூட்டில், அதிக நாள். நிழலில் வளர்ந்த மெல்லிய இலை அதில் நைந்துபோகும். வெயிலில் வளர்ந்த தடித்த இலைதான் நிற்கும்.

இந்த விலையில் அடிக்கடி கைக்கு வருபவை மூன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் பிராட்லீஃப்: இலை இலையாகப் பறிக்காமல் செடியைத் தண்டோடு வெட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்துவது. சார்ட்டர் ஓக் பிராட்லீஃப் சுருட்டின் மேலிலை இதுதான். இரண்டாவது, மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்து சான் ஆண்ட்ரேஸ் இலை. மூன்றாவது பிரேசிலின் அராபிராக்கா. பிரிக் ஹவுஸ் மடூரோவில் இருக்கிறது. என் நாக்குக்கு பிராட்லீஃப் கருப்பட்டியும் ஈர மண்ணும், சான் ஆண்ட்ரேஸ் மிளகும் சர்க்கரை போடாத கோகோவும், அராபிராக்கா வறுத்த கொட்டையும் லேசான புளிப்பும்.

பிராட்லீஃப் பார்க்க அழகாக இருக்காது. நரம்பு புடைத்து, சொரசொரப்பாக, திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். அதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள். ஒரே சீராக, மை பூசியது போல் பளபளத்தால்தான் சாயமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

புதுப்புகை: மதிப்பிடும் முறையை ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள் அண்ணா. ஒன்று பிடித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

ஒன்றை வைத்து எழுதவே கூடாது. விலை குறைந்த சுருட்டில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடுதான் பெரிய குறை. ஒரே கட்டிலிருந்து குறைந்தது மூன்று. நகை எடை பார்க்கும் சின்னத் தராசு இருந்தால் மூன்றையும் நிறுத்துவிடுங்கள். ஒரே அளவுச் சுருட்டுகளுக்குள் ஒரு கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒன்று இறுக்கமாக இழுக்கும், இன்னொன்று சூடாக எரியும் என்று அப்போதே எதிர்பார்க்கலாம்.

அளவு ஐந்து அங்குல நீளம், 50 ரிங். ரிங் என்பது அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு; 50 என்றால் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தடிமன். பெயர் அச்சிட்ட காகிதப் பட்டையைக் கழற்றிவிட்டு, வீட்டில் யாரையாவது 1, 2, 3 என்று சீட்டு ஒட்டித் தரச் சொல்லுங்கள். பெயரும் விலையும் நாக்கைக் கெடுக்கும்.

சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். வெறும் வயிறு வேண்டாம், தலை சுற்றும். பக்கத்தில் தண்ணீரோ வெறும் சோடாவோ போதும். ஃபில்டர் காப்பி கூடவே கூடாது. காப்பி வாசனையைக் காப்பியில் குடித்துவிட்டுச் சுருட்டில் கண்டுபிடித்ததாக எழுதுவீர்கள்.

விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே அடியிலிருந்து தலை வரை போங்கள். கட்டியாக ஒரு இடம் தட்டினால் காம்பு. பொதுக்கென்று அமுங்கினால் அங்கே சரக்குக் குறைவு. பிறகு தலையில் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். தலையை மூடியிருக்கும் சிறு இலைத்துண்டுதான் தொப்பி; அது முடியும் கோட்டைத் தாண்டி வெட்டினால் மேலிலை பிரிந்துகொள்ளும். பற்றவைக்காமல் இழுத்துப் பாருங்கள். சாத்துக்குடி ஜூஸை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற அளவு தடை சரி. கன்னம் குழிந்தால் இறுக்கம். வெறும் காற்று மாதிரி வந்தால் தளர்ச்சி, கடைசியில் சுடும்.

பியூட்டேன் லைட்டர் அல்லது நீளத் தீக்குச்சி. பெட்ரோல் லைட்டரின் வாடை முதல் பத்து நிமிடத்தைக் கெடுக்கும். சுடரை அடியில் படவிடாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, விளிம்பு முழுக்கக் கனியும்வரை சுற்றுங்கள். தடித்த இலை தாமதமாகத்தான் பற்றும். இங்கே அவசரப்பட்டால் கடைசிவரை கோணலாக எரியும்.

நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. உள்ளிழுக்காதீர்கள். வாயில் வைத்திருந்து, வெளியே விடும்போது ஒரு சிறு பங்கை மட்டும் மூக்கு வழியாக விடுங்கள். வாசனையெல்லாம் அந்தப் பங்கில்தான் இருக்கிறது. சுருட்டை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று வரி: என்ன ருசி, எரிகோடு நேரா, இழுப்பு மாறியதா. நூற்றுக்கு நான் போடுவது தோற்றம் 5, இழுப்பு 20, எரிதல் 20, முதல் இரண்டு பகுதிகளின் ருசி 30, கடைசிப் பகுதி 25. கடைசிக்கு ஏன் இவ்வளவு என்றால், மட்டமான ஃபில்லர் (உள்ளே வைக்கும் புகையிலை) தன்னைக் காட்டிக்கொடுப்பது அங்கேதான்.

ருசிக்குத் தமிழ்ச் சொல்லையே எழுதுங்கள். கருப்பட்டி, சுக்கு, கடுக்காய்த் துவர்ப்பு, வறுத்த உளுந்து, நனைந்த சாக்கு. நீங்கள் தின்றே பார்க்காத பழத்தின் பெயரை எழுதி யாருக்கு என்ன பயன்?

வைகைக்கரை: ரொம்பக் கறுப்பா இருந்தா ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கும்தானே?

இல்லை. நிறத்தைப் பார்த்துக் காரத்தைச் சொல்ல முடியாது. நிகோட்டின் பெரும்பாலும் உள்ளே வைத்த ஃபில்லரைப் பொறுத்தது, அதிலும் செடியின் உச்சியில் வெயில் தின்ற இலையை எவ்வளவு சேர்த்தார்கள் என்பதை. கறுத்த சுருட்டு சாதுவாக இருக்கலாம். வைக்கோல் நிறச் சுருட்டு ஆளைச் சாய்க்கலாம். மூன்றைப் பிரித்துப் பழகுங்கள்: மூக்கில் ஏறுவது மிளகுக் காரம், தொண்டையைப் பிடிப்பது காறல், வயிற்றையும் தலையையும் தாக்குவது நிகோட்டின். மூன்றையும் 'ஸ்ட்ராங்' என்ற ஒரே சொல்லில் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

சாயப்பட்டறை: மலிவுச் சுருட்டுக்குச் சாயம் பூசுவார்களாமே? ஈரத் துணியால் துடைத்தேன், பழுப்பாக ஒட்டியது.

பழுப்பு ஒட்டினால் குற்றமில்லை. நன்கு புழுங்கிய எண்ணெய்ப் பசை இலை நனைந்தால் நிறம் விடத்தான் செய்யும். வெள்ளை டிஷ்யூவில் கறுப்பாக இறங்கினால், உதட்டில் மை போல் நின்றால், நரம்பின் பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே நிறமாக இருந்தால், அப்போது சந்தேகப்படுங்கள். இன்னொன்று, மேலிலையின் ஓரத்தைக் கொஞ்சம் கிள்ளித் திருப்பிப் பாருங்கள். இயற்கையில் கறுத்தது பின்பக்கமும் கறுத்திருக்கும்.

அடையாறு: சென்னையில் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். நேற்றைய மீன் குழம்பு மணக்கும். காற்றுப் புகாத டப்பாவும் 65 சதவீத ஈரப்பத பேக்கெட்டும் போதும். தடித்த இலைக்கு 69, 70 என்று போகாதீர்கள். ஈரமானி பொய் சொல்லும், முதலில் சோதியுங்கள்: பாட்டில் மூடியில் உப்பு, சேறாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர், அந்த மூடியையும் ஈரமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் 12 மணி நேரம். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் எப்போதும் நான்கு கூட்டிக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்கு வண்டுதான் பெரிய பயம். மேலிலையில் குண்டூசித் துளை தெரிந்தால் எல்லாவற்றையும் இரட்டைப் பையில் கட்டி மூன்று நாள் ஃபிரீசரில், ஒரு நாள் கீழ்த்தட்டில், பிறகு வெளியே. நேரே வெளியே எடுத்தால் இலை வெடிக்கும். இதற்கு மட்டும் ஃபிரிட்ஜ்.

தென்றல்77: டார்க் கலர்ன்னா நிகோட்டின் அதிகமா?

வைகைக்கரைக்குச் சொன்னதைப் பாருங்கள்.

குடைவரை: என் சுருட்டு நடுவில் குகை மாதிரி எரிகிறது, ஓரம் அப்படியே நிற்கிறது.

ஈரம். தடித்த மேலிலை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. உள்ளே இருப்பது முந்திக்கொண்டு எரிகிறது. இப்போதைக்கு நிற்கும் ஓரத்தைச் சுடரால் தொட்டுச் சமன் செய்யுங்கள், இழுப்பைக் குறையுங்கள். மீதியை 62-65 சதவீதத்தில் ஒரு மாதம் வைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் குகை விழுந்தால் சுற்றிய கையின் குற்றம், மதிப்பெண்ணைக் குறைக்கலாம்.

சட்டைக்காரன்: சுருட்டின் ருசியில் 70 சதவீதம் மேலிலைதான் என்கிறார்கள். அப்படியென்றால் நல்ல மேலிலை போட்ட மலிவுச் சுருட்டு போதுமே?

உள்ளிருப்பு: சும்மா சொல்கிறார்கள். மேலிலை வெறும் சட்டை. நான் பாதி வரை உரித்துவிட்டுப் புகைத்தேன், முதல் பாதி உரித்தது, மறுபாதி உரிக்காதது. மறுபாதியில் காரம் கூடியது, இனிப்பு கூடவில்லை.

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். உள்ளிருப்பு, உங்கள் சோதனையில் ஓட்டை. உரித்தாலும் உரிக்காவிட்டாலும் மறுபாதியில் காரம் கூடத்தான் செய்யும். தாரும் சூடும் அங்கே சேர்கின்றன. இரண்டு சுருட்டு வேண்டும். ஒன்றில் அடியிலிருந்து பாதிவரை பிளேடால் கீறி உரியுங்கள், மேலிலைக்கு அடியில் ஃபில்லரைக் கட்டியிருக்கும் பைண்டர் இலை பிடித்துக்கொள்ளும். மற்றது முழுசாக. இரண்டையும் ஒரே நேரத்தில் பற்றவைத்து, ஒரே இடத்தில் மாறி மாறி இழுங்கள்.

உள்ளிருப்பு: அப்படிச் செய்தாலும் உரித்தது வேகமாக எரியும். அது ருசி வித்தியாசமா, சூட்டு வித்தியாசமா?

நல்ல கேள்வி. அதனால்தான் உரித்ததை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இழுக்கச் சொல்வேன். சட்டைக்காரனுக்கும் ஒரு கணக்கு. எல்லாச் சுருட்டுக்கும் ஒரே சதவீதம் எப்படி வரும்? மேலிலையின் பங்கு சுற்றளவோடு வளர்கிறது, ஃபில்லரின் பங்கு குறுக்குவெட்டுப் பரப்போடு. 60 ரிங் தடியனைவிட 38 ரிங் ஒல்லியில் மேலிலையின் விகிதம் ஏறக்குறைய 1.6 மடங்கு. ஒரே இலை, இரண்டு ருசி. மலிவுக் கடையில் 60 ரிங் மடூரோ வாங்கினால் நீங்கள் புகைப்பது பெரும்பாலும் ஃபில்லர்.

சட்டைக்காரன்: ஆனால் வாயில் வைத்ததும் இனிக்கிறதே, பற்றவைக்கும் முன்பே?

அதுதான் பலர் கோட்டைவிடும் இடம். அந்த இனிப்பு புகையில் இல்லை, உதட்டில். இலையில் உள்ளது எச்சிலில் கரைகிறது. சில மலிவுச் சுருட்டுகளில் தலையை இனிப்பில் முக்கியும் விற்கிறார்கள். சுருட்டுப் பிடியில் செருகி, உதடு படாமல் ஐந்து இழுப்பு இழுத்துப் பாருங்கள். இனிப்பு மறைந்தால் மதிப்பெண்ணும் மறையட்டும்.

உள்ளிருப்பு: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 70 சதவீதம் தவறு.

நானும் அதைத்தான் சொன்னேன்.

மழைத்துளி: கறுப்பு சுருட்டு காரமா சார்?

இல்லை, இல்லை, இல்லை.

கல்லூரிச்சாலை: எனக்கு 17 வயது, எதில் ஆரம்பிக்கலாம்?

உங்களுக்கு விற்பதே சட்டப்படி குற்றம். இங்கே உங்களுக்குப் பதில் இல்லை.

நலம்நாடி: உள்ளிழுக்காவிட்டால் ஆபத்தில்லைதானே?

ஆபத்து உண்டு. வாயும் தொண்டையும் உணவுக்குழாயும் புற்றுநோய்க்குத் திறந்தே இருக்கின்றன. உள்ளிழுக்காதீர்கள் என்பது ருசிக்கான வழிமுறை, நலத்துக்கான சான்றிதழ் இல்லை.

மலைக்கோட்டை: நம் உறையூர்ச் சுருட்டை இதே அட்டவணையில் போட்டால் எத்தனை வரும்?

போடாதீர்கள். அது இரு முனையும் திறந்தது, தொப்பி கிடையாது, வெட்ட வேண்டியதில்லை. காய்ந்த நிலையில் புகைப்பது. 65 சதவீத டப்பாவில் வைத்தால் நமுத்துவிடும். இட்லியைக் கேக் போட்டியில் நிறுத்துவது போல ஆகும். அதற்குத் தனி அட்டவணை வேண்டும்: காறல் எப்போது தொடங்குகிறது, சாம்பல் உதிர்கிறதா நிற்கிறதா, அணைந்து அணைந்து போகிறதா, இந்த மூன்றும் முதலில்.

நெடுஞ்சாலை: பாதியில் அணைந்துவிட்டது. மறுபடி பற்றவைத்தால் மதிப்பீடு செல்லுமா?

பத்து நிமிடத்துக்குள் என்றால் செல்லும். சாம்பலைத் தட்டிவிட்டு, பற்றவைத்ததும் இழுக்காமல் வெளிப்பக்கமாக மெல்ல ஒருமுறை ஊதுங்கள். தேங்கிய புகை போய்விடும். அடுத்த நாள் என்றால் தூக்கி எறியுங்கள். மூன்று முறைக்கு மேல் அணைந்தால் எரிதல் 20-ல் பாதியைக் கழியுங்கள். கழிப்பதற்கு முன் டப்பாவின் ஈரமானியைப் பாருங்கள்.

கடைசிபெஞ்ச்: அப்போ பழுப்புச் சுருட்டு கறுப்பைவிட லைட்டா?

நேரம் முடிந்தது.