மறு: காசிமேடு படகில் ட்ரோனைக் கையில் பிடிப்பது

விசைப்படகில் ட்ரோனைப் பிடிக்கக் கை நீட்டினால் மேலே ஏறிவிடுகிறது, இழுத்துப் பிடித்ததில் இறக்கை உடைந்தது என்று எழுதியிருந்தீர்கள். ட்ரோன் பழுதில்லை. அடியில் இருக்கும் சென்சார் உங்கள் உள்ளங்கையைத் தரை என்று எடுத்துக்கொண்டு இடைவெளி விட்டு விலகுகிறது. துரத்தவே துரத்தாதீர்கள்.

இரண்டு பேர் இருப்பது நல்லது. பிடிப்பவரின் தலைக்குச் சற்று மேலே, முகத்தை விட்டுத் தள்ளி, கேமரா அவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்க்கும்படி ட்ரோனை நிறுத்துங்கள். அவர் கீழிருந்து ட்ரோனின் உடம்பை மட்டும் உறுதியாகப் பற்றட்டும். கேமராவைத் தாங்கி ஆடாமல் வைத்திருக்கும் கிம்பலில் விரல் படக் கூடாது. பற்றிய உடனே ரிமோட்காரர் த்ராட்டில் குச்சியை (ட்ரோனை ஏற்றி இறக்கும் குச்சி) முழுக்கக் கீழே இழுத்து, மோட்டார் நிற்கும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். அதற்குள் சாய்த்தால் ட்ரோன் நிமிரப் பார்த்து இன்னும் வேகமாகச் சுழலும். இறக்கை உடைவதும் விரல் கிழிவதும் பெரும்பாலும் அந்த நொடியில்தான். தடித்த கையுறை கட்டாயம்.

அப்புறம், படகில் ரிட்டர்ன் டு ஹோமை (ட்ரோன் தானாகவே திரும்பி வரும் வசதி) நம்பாதீர்கள். படகு நகர்ந்திருக்கும், ட்ரோன் கிளம்பிய இடத்துக்கே திரும்பி நேராகக் கடலில் இறங்கும். பேட்டரி பாதி இருக்கும்போதே திருப்பி அழையுங்கள்.

பக்கத்திலேயே சென்னைத் துறைமுகம் இருப்பதால், பறக்கவிடும் முன் ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம், அங்கே பறக்கவிடலாமா என்று பார்த்துவிடுங்கள்.