நேரம் இல்லாதவர்களுக்கு நாவலும் தியான நூலும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அலுவலகம், வீடு, சபை வேலை எல்லாம் போக, நாளுக்கு அரை மணி நேரம் மிஞ்சினால் பெரிது. ஒரு கிறிஸ்தவ நாவலையும் ஒரு அனுதின தியான நூலையும் ஒன்றாக ஆரம்பித்தேன். இரண்டுமே பாதியில் நிற்கின்றன. எங்கே தவறு?

அரை மணி நேரத்தை இரண்டுக்கும் சரிபாதியாகப் பிரித்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. தியான நூல் ஐந்து நிமிடத்துக்கென்றே எழுதப்படுவது. ஒரு வசனம், ஒரு கருத்து, ஒரு சிறு ஜெபம், அவ்வளவுதான். நாவலின் முதல் 40, 50 பக்கங்களோ அப்படிப்பட்டவை அல்ல. யார் யாருக்கு என்ன உறவு, கதை எந்த ஊரில், எந்தக் காலத்தில் நடக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் வருகிறது. அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் படித்தால் ஒவ்வொரு முறையும் பெயர்களைத் தேடிப் பின்னால் புரட்ட வேண்டியிருக்கும். நான்காம் நாள் சலித்துவிடும்.

எனவே புது நாவலை வேலை நாளில் தொடங்காதீர்கள். விடுமுறை நாளில் முக்கால் மணி நேரமாக இரண்டு முறை உட்கார்ந்து அந்த முதல் 50 பக்கங்களைக் கடந்துவிடுங்கள். அதன் பிறகு கதையே இழுக்கும். நாளுக்கு 15 நிமிடம் கிடைத்தாலும் இழை அறாது. தியான நூலுக்குக் காலை, நாவலுக்கு மாலை என்று வேளையையும் பிரித்துவிடுங்கள்.

முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதி அலுப்பு குறையும். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் உங்கள் இயல்பான வேகத்தில் படித்து, எத்தனை பக்கம் ஓடியது என்று எண்ணுங்கள். ஆறு பக்கம் என்றால் 300 பக்க நாவலுக்கு 500 நிமிடம். நாளுக்கு 20 நிமிடம் வைத்தால் 25 நாள். செய்யுளுக்கும் இறையியல் கட்டுரைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவற்றுக்கு இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். அத்தியாயம் முடிந்த இடத்தில் மூடி வைத்தால் மறுநாள் புதிதாகத் தொடங்கும் பாரம் இருக்கும். அடுத்த அத்தியாயத்தில் ஒரு பக்கம் போய் நிறுத்துங்கள். பக்க அடையாளமாக வைக்கும் சீட்டிலேயே ‘யார், எங்கே, என்ன சிக்கல்’ என்று பென்சிலால் ஒரு வரி எழுதி வையுங்கள். மூன்று நாள் இடைவெளி விழுந்தாலும் அந்த வரி போதும்.

கேள்வி: தேதி போட்ட தியான நூலில் பதினோரு நாள் விட்டுப்போயிற்று. எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டுமா?

வேண்டாம். இன்றைய தேதியைத் திறங்கள். இவ்வகை நூல்களில் பெரும்பாலும் ஒவ்வொரு பக்கமும் தனித்தே நிற்கும். விட்டதைப் பிடிக்க ஒரே மூச்சில் பதினொன்றையும் படித்தால் மூன்றாவது பக்கம் முதல் பக்கத்தை அழித்துவிடும். ஆஸ்வால்ட் சேம்பர்ஸின் பெயரில் 1927இல் வந்த புகழ்பெற்ற தியான நூலையே பாருங்கள். 1917இல் அவர் மறைந்த பிறகு, அவருடைய பேச்சுகளிலிருந்து மனைவி எடுத்து வைத்திருந்த சுருக்கெழுத்துக் குறிப்புகளைக் கொண்டு நாளுக்கொன்றாகத் தொகுத்தது அது. வெவ்வேறு நேரத்தில் பேசியவற்றிலிருந்து எடுத்த துண்டுகள் என்பதால் முந்தைய நாளைத் தவறவிட்டதால் இன்றைய பக்கம் புரியாமல் போகாது.

தேதியே உறுத்துகிறது என்றால் தேதி இல்லாத நூலுக்கு மாறிவிடலாம். தாமஸ் அ கெம்பிஸின் ‘கிறிஸ்துவைப் பின்பற்றுதல்’ நான்கு பகுதிகளில் 114 சிறு அத்தியாயங்கள் கொண்டது. எத்தனை நாள் விட்டாலும் அது உங்களிடம் கணக்குக் கேட்காது.

கேள்வி: ‘பென் ஹர்’ நாவலை இரண்டு முறை எடுத்து வைத்துவிட்டேன். எவ்வளவு படித்தும் பென் ஹரே வரவில்லையே!

வரமாட்டார். 1880இல் லூ வாலஸ் எழுதிய அந்த நாவலுக்கு எட்டுப் பாகங்கள். முதல் பாகம் முழுவதும் குழந்தை இயேசுவைத் தேடி வந்த சாஸ்திரிகளின் பயணமும் அவருடைய பிறப்பும்தான். பாலைவனத்தில் வரும் ஒட்டகத்தையும் அதன் மேல் கட்டிய இருக்கையையும் வர்ணிப்பதற்கே ஆசிரியர் பத்தி பத்தியாக இடம் எடுத்துக்கொள்வார். யூதா பென் ஹர் இரண்டாம் பாகத்தில்தான் நுழைகிறார். எல்லோரும் சொல்லும் தேர்ப் பந்தயம் ஐந்தாம் பாகத்தில்.

நேரம் குறைந்தவர்கள் இரண்டாம் பாகத்தில் தொடங்கலாம் என்பதே எங்கள் கருத்து. ஒரு நிபந்தனை: ஐந்தாம் பாகத்தை முடித்தபின் முதல் பாகத்துக்குத் திரும்பி வாருங்கள். சாஸ்திரிகளில் ஒருவரான பல்தசார் பின்னால் முக்கியப் பாத்திரமாக வருகிறார்; அவரை அறியாமல் கடைசிப் பாகங்களுக்குப் போனால் பாதிச் சுவை போய்விடும்.

கேள்வி: நாவல் படித்துப் படித்து எது வேதாகமத்தில் உள்ளது, எது கற்பனை என்றே குழம்பிப்போகிறது. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும்போது பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டியதுதான். வேதாகமக் கால நாவல்களில் மூன்று அடுக்குகள் கலந்திருக்கும்: வேதாகமம், வரலாறு, ஆசிரியரின் கற்பனை. இவற்றுக்கு நடுவே நான்காவதாக ஒன்றும் நுழையும். அது சபை மரபு. பெரும்பாலானவர்கள் வழுக்குவது அந்த இடத்தில்.

சாஸ்திரிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்தேயு 2ஆம் அதிகாரம் அவர்கள் எத்தனை பேர் என்று சொல்லவில்லை, பெயரும் சொல்லவில்லை. மூவர் என்பதும் அவர்களின் பெயர்களும் மரபு. அவர்களில் ஒருவரைக் கிரேக்கராகவும் ஒருவரை இந்தியராகவும் ஒருவரை எகிப்தியராகவும் ஆக்கியது வாலஸின் கற்பனை. இன்னொன்று: சியென்கீவிச்சின் ‘குவோ வாடிஸ்’ நாவலில், ரோமிலிருந்து வெளியேறும் பேதுரு வழியில் கிறிஸ்துவைக் காணும் காட்சி. மனதை உலுக்கும் இடம். ஆனால் அது புதிய ஏற்பாட்டில் இல்லை. வேதாகமத்தில் சேராத ‘பேதுருவின் நடபடிகள்’ என்ற பழைய நூலிலிருந்து வந்த மரபு. கி.பி. 64இல் ரோம் எரிந்தது வரலாறு. அந்த நாவலின் காதலர்கள் வினீசியுசும் லீகியாவும் கற்பனை.

செய்ய வேண்டியது எளிது. நாவலைத் தொடங்குமுன் அது தொடும் வேதப் பகுதியை ஒரு முறை வாசியுங்கள். சாஸ்திரிகளுக்கு வெறும் 12 வசனம்தான். பிறகு நாவலில் சந்தேகம் வரும் இடங்களில் ஓரத்தில் பென்சிலால் ‘வே’, ‘வ’, ‘ம’, ‘க’ என்று குறியிட்டுப் போங்கள். அங்கேயே நிறுத்தித் தேடாதீர்கள், வாசிப்பு உடையும். வார இறுதியில் ‘வே’ குறிகளை மட்டும் வேதாகமத்தோடு ஒப்பிட்டால் போதும். அந்த எழுத்தைத் தாண்டியவை எவையும் பாடத்துக்குள் போகக் கூடாது. போனால் ‘இது கதை’ என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

கேள்வி: ஜான் பன்யனின் ‘மோட்சப் பிரயாணம்’ எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் நீண்டுகொண்டே போகிறது. ‘இரட்சணிய யாத்திரிகம்’ அதைவிடக் கடினம் என்கிறார்களே?

நீளமாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. 1678இல் வந்த மூலத்தில் அத்தியாயப் பிரிவே கிடையாது. ஒரே ஓட்டம், ஓரத்தில் குறிப்புகள். பின்னால் வந்த பல பதிப்புகளில் பதிப்பாளர்களே அத்தியாயம் பிரித்தார்கள். அதனால் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கதைநாயகன் கிறிஸ்தியான் தங்கும், தடுமாறும் இடங்களையே நிறுத்தங்களாக வைத்துக்கொள்ளுங்கள்: இடுக்கமான வாசல், வியாக்கியானியின் வீடு, சிலுவையடி, கடினமலை, அலங்கார மாளிகை, தாழ்மையின் பள்ளத்தாக்கு, மாயைச் சந்தை, சந்தேகக் கோட்டை, இன்ப மலைகள், கடைசியில் ஆறு. வாரத்துக்கு இரண்டு என்றால் ஐந்து வாரத்தில் முதல் பாகம் முடியும். மனைவி கிறிஸ்தியானாளும் பிள்ளைகளும் போகும் இரண்டாம் பாகம் 1684இல் வந்த தனி நூல்; உடனே தொடர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ அதே கதையைத் தமிழ்க் காப்பியமாக்கியது. முதலிலிருந்து முடிவுவரை படிக்க முயன்றவர்கள்தான் கடினம் என்கிறார்கள். உரைநடையில் ஒரு நிறுத்தம் முடிந்ததும் அதே கட்டத்தைக் காப்பியத்தில் தேடி நான்கு செய்யுள் மட்டும் படியுங்கள். கதை ஏற்கெனவே தெரியும், சொல்லுக்கு மட்டும்தான் பொருள் தேட வேண்டியிருக்கும். சந்தி பிரித்த பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். இடையிடையே தேவார நடையில் வரும் பாடல்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணால் மட்டும் ஓட்டினால் அவை ஒட்டாது.

கேள்வி: பயணத்தில் ஆடியோ புத்தகம் கேட்பது படித்ததாகுமா?

நாவலுக்கு ஆகும், தியான நூலுக்கு அவ்வளவாக ஆகாது. தியான நூலில் ஒரு வரியில் நின்று யோசிக்க வேண்டும். குரல் நமக்காக நிற்காது. ஆங்கில ஆடியோ ஒரு மணிக்கு ஏறத்தாழ 9,000 சொல் ஓடும். 90,000 சொல் நாவலுக்குப் பத்து மணி நேரம், வேகத்தை 1.25 ஆக்கினால் எட்டு. நாளுக்கு 40 நிமிடப் பயணம் என்றால் 12 நாள். 1.5க்கு மேல் போனால் உரையாடலில் யார் பேசுகிறார் என்பது நழுவும். லிப்ரிவாக்ஸ் என்ற இணையதளத்தில் பழைய நூல்களின் ஒலிப்பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வாசிப்பவர்கள் தன்னார்வலர்கள், அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல் மாறலாம். முழுவதும் ஒரே குரலில் உள்ள பதிவைத் தேடி எடுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு சி.எஸ்.லூயிஸின் நார்னியா கதைகளை எந்த வரிசையில் வாசித்துக் காட்டுவது?

வெளிவந்த வரிசையில். ஏழு நூல்களும் 1950 முதல் 1956 வரை வந்தவை. இப்போதைய பதிப்புகள் பலவற்றில் முதல் எண் போட்டிருக்கும் நூல் உண்மையில் 1955இல் ஆறாவதாக வந்தது. கதைக் காலத்தால் முந்தியது என்பதால் முன்னே வைத்திருக்கிறார்கள். சிங்கம் யார் என்ற ஆச்சரியம் 1950ஆம் ஆண்டு நூலில்தான் மெல்ல அவிழ்கிறது, அதை இழக்காதீர்கள். அதற்கு 17 அத்தியாயம், இரவுக்கு ஒன்று. ‘சிங்கம் இயேசுதானே?’ என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பிள்ளையே கேட்கட்டும்.

கேள்வி: அதே லூயிஸின் ‘ஸ்க்ரூடேப் கடிதங்கள்’ படித்தேன். தலைகீழாக இருக்கிறதே!

மூத்த பிசாசு இளைய பிசாசுக்கு எழுதும் கடிதங்கள் அவை. ‘எதிரி’ என்று வந்தால் தேவன் என்று வாசிக்க வேண்டும். மொத்தம் 31 கடிதம், 31 நாள் உள்ள மாதத்துக்குச் சரியாகப் பொருந்தும். நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஒரே மூச்சில் படித்தால் அந்தக் கிண்டல் குரல் தலையில் ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு கடிதத்துக்கும் பிறகு, அந்தப் பிசாசு எதைத் தடுக்கச் சொல்கிறதோ அதை ஒரு வரியில் எழுதுங்கள். அன்றைக்குச் செய்ய வேண்டியது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.