நிழல் விழாத இடம்

கேள்வி: இஸ்ரோவின் ஆதித்யா எல்-1 விண்கலம் சூரியனைப் பார்க்க 15 லட்சம் கிலோமீட்டர் போவானேன்? பூமியைச் சுற்றியபடியே பார்க்கக் கூடாதா?
– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: கானாடுகாத்தானில் எங்கள் ஆயா வளவில் வற்றல் பிழிந்து காயவைப்பார். தாழ்வாரத்து நிழல் நெருங்க நெருங்க, பாயை வெயில் பக்கம் இழுத்துப் போடுவது என் வேலை. பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளுக்கும் இதே தொல்லைதான். பூமியின் நிழல் அவ்வப்போது குறுக்கிடும். பூமியிலிருந்து சூரியன் பக்கமாக அந்த 15 லட்சம் கிலோமீட்டரில் இருக்கும் எல்-1 என்ற புள்ளியைச் சுற்றினால் மறைப்பே கிடையாது. 2024 ஜனவரி 6 அன்று ஆதித்யா அங்கே சேர்ந்துவிட்டது.

அதன் ஏழு கருவிகளில் ஒன்று, நாம் கைவைத்து வெயிலை மறைப்பதுபோல் சூரிய வட்டை மறைத்துவிட்டு, சுற்றியுள்ள மங்கலான கரோனாவை, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தை, படமெடுக்கிறது. சூரியப் பரப்பின் வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ்; வெளியே இருக்கும் கரோனாவிலோ பத்து லட்சத்துக்கும் மேல்! அடுப்பை விட்டு விலக விலகச் சூடு ஏறுகிறது, பாருங்கள். அப்புறம், இதன் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர்.